டர்ட்டி கவ்: ஒரே பக், பதினொரு வருஷம், ரிலீஸுக்கு ஒரு பதில்

லினக்ஸ் கெர்னல்ல (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) ஒரு பக் எந்தெந்த ரிலீஸ்ல இருக்கு, எதுல சரியாச்சுன்னு கேட்டா நிறைய பேர் உடனே பாக்கறது வெர்ஷன் நம்பர் தான். "4.8.3க்கு மேல இருந்தா சேஃப்"னு ஒரு வரி கிடைச்சுதுன்னா அதோட ஃபைல மூடிடுவாங்க. அந்த ஒரு வரி எவ்வளவு தப்பா வழிகாட்டும்னு புரிஞ்சுக்க டர்ட்டி கவ் மாதிரி கேஸ் எனக்கு தெரிஞ்சு வேற இல்ல. சிவிஇ-2016-5195ன்றது அதோட அதிகாரப்பூர்வ நம்பர். 2016ல ஊரெல்லாம் பேசுன செக்யூரிட்டி ஓட்டை தான், ஆனா இங்க நான் பேச வர்றது ஹேக்கிங் பத்தி இல்ல, அந்த பக் ஒரு ரிலீஸ்லேந்து இன்னொரு ரிலீஸுக்கு எப்படி நகர்ந்துச்சு, அத பின்தொடர என்ன என்ன பாக்கணும்ன்றத பத்தி.

பக் என்னன்னு முதல்ல

ஒரு ஃபைல நீங்க படிக்க மட்டும் தான் முடியும், எழுத உரிமை இல்லன்னு வைங்க. அத மெமரில ப்ரைவேட்டா மேப் பண்ணிக்கலாம். அந்த மெமரில எழுத போனா கெர்னல் ஒரிஜினல தொட விடாது, அந்த பேஜுக்கு (மெமரியோட ஒரு துண்டு) ஒரு காப்பி எடுத்து உங்க கைல குடுத்து அதுல எழுதிக்கோன்னு சொல்லும். பத்திர ஆபீஸ்ல ஒரிஜினல கட்டுல வச்சுட்டு ஜெராக்ஸ நீட்டற மாதிரி. இதுக்கு பேரு காப்பி ஆன் ரைட், சுருக்கி கவ்.

இப்ப ஒரு ப்ராசஸ் தன்னோட மெமரிலயே ப்ராக் ஃபைல் சிஸ்டம் (ஓடற ப்ராசஸ்கள ஃபைல் மாதிரி காட்டறது) வழியா எழுதுதுன்னா (டீபக்கர்கள் வேலை செய்யறதும் இதே பாதைல தான்) கெர்னல்ல கெட்_யூசர்_பேஜஸ்னு ஒரு ஃபங்ஷன் ஓடும். அது பேஜ தேடும், எழுத முடியாதுன்னு தெரிஞ்சா ஃபால்ட் போட்டு காப்பி எடுக்க சொல்லும், காப்பி எடுத்தாச்சுன்னு பதில் வந்ததும் மறுபடி தேடும். ஆனா அந்த மேப்பிங் படிக்க மட்டுமேன்னு இருக்கறதால ரெண்டாவது தடவையும் "எழுத முடியாது"ன்னே வரும், அப்படியே சுத்திக்கிட்டே இருக்க வேண்டியது தான். அதுக்காக கெர்னல் ஒரு குறுக்கு வழி பண்ணுச்சு: காப்பி தான் எடுத்தாச்சே, இனிமே எழுதற உரிமை இருக்கான்னு பாக்க வேண்டாம்னு எழுதற வேலைன்னு குறிக்கற ஃபோல்_ரைட்ன்ற கொடிய (ஃப்ளாக்) கழட்டிடும், அதாவது இதுக்கு மேல இத ஒரு படிக்கற வேலையா நினைச்சு தேடும்.

ஓட்டை இங்க தான். கொடிய கழட்டுனதுக்கும் மறுபடி தேடறதுக்கும் நடுவுல இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ்னு ஒரு கால் போட்டு "அந்த காப்பி எனக்கு வேண்டாம், தூக்கி போடு"ன்னு சொல்லிட்டா, காப்பி போயிடும். கெர்னல் திரும்ப தேடும்போது அது கைக்கு வர்றது ஒரிஜினல் ஃபைலோட பேஜ். எழுதற கொடி கழட்டியாச்சு, அதனால யாரும் தடுக்கல, எழுதற வேலையோ பாக்கி இருக்கு, அது ஒரிஜினல்லயே எழுதிடும். பாஸ்வேர்ட் ஃபைலா இருக்கலாம், ரூட்டா ஓடற ஒரு பைனரியா இருக்கலாம். சாதாரண யூசர் ரூட் (மெஷின்ல முழு அதிகாரம் உள்ளவன்) ஆயிடுவான்.

2005 ஆகஸ்ட்

இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமா படறது, இந்த ரேஸ (ரெண்டு த்ரெட் ஒண்ண ஒண்ணு முந்தறதால வர்ற கோளாறு) 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்கன்றது. ஆகஸ்ட் 1ஆம் தேதி லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே ஒரு கமிட் (கோட்ல பதிவாகற ஒரு மாற்றம்) போட்டாரு. எழுதற மாதிரி தேடறதுன்னா அந்த பேஜோட டர்ட்டி பிட் (அதுல எழுதியாச்சுன்ற குறி) போட்டிருக்கணும், இல்லன்னா திரும்ப சுத்தி வரணும்னு மாத்தினாரு. காப்பி காணாம போனா டர்ட்டி பிட்டும் இருக்காது, அதனால ரேஸுக்கு இடமில்ல. யோசனை சரியானது தான்.

ரெண்டு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 3, நிக் பிகின் பேர்ல இன்னொரு கமிட் வருது. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல ஓடற எஸ்390 ஆர்க்கிடெக்சர்ல அந்த டர்ட்டி பிட் பேஜ் டேபிள்ல இருக்காது, அந்த ஹார்ட்வேர் அத வேற இடத்துல வச்சிருக்கும். அதனால டர்ட்டி பிட்ட நம்பி செக் பண்ணா எஸ்390ல பிரச்சனை. ஆகவே பழைய செக்குக்கே திரும்பி போயிட்டு, "காப்பி எடுத்தாச்சு"ன்னு சொல்ல விஎம்_ஃபால்ட்_ரைட்னு ஒரு புது பதில் பிட்ட சேத்தாங்க. மேல சொன்ன கொடி கழட்டற ஏற்பாட்டுக்கு விதை அது தான். ரெண்டு கமிட்டுமே 2.6.13க்குள்ள வந்தாச்சு.

அந்த நேரத்துல அது தப்பான முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ரேஸ் அப்ப வெறும் தியரி தான். ஆனா பக் ட்ராக்கிங் கண்ணோட பாத்தா ஒரு பெரிய விஷயம் நழுவிடுச்சு: "இந்த ரேஸ் தெரியும், எஸ்390ஆல இத முழுசா மூட முடியல, எஸ்390 சரியாச்சுன்னா திரும்ப வந்து பாக்கணும்"னு எங்கயும் ஒரு திறந்த என்ட்ரி இல்ல. எஸ்390க்கு சாஃப்ட்வேர் டர்ட்டி பிட் 3.9ல வந்துச்சு, அது 2013 ஏப்ரல். தடையா இருந்த காரணம் அன்னிக்கே தீர்ந்துடுச்சு. அப்புறமும் மூணரை வருஷம் யாரும் திரும்பி வரல, ஏன்னா திரும்பி வர வேண்டியது இருக்குன்றதே யாருக்கும் ஞாபகம் இல்ல.

2001ல ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் லினக்ஸ் ரிலீஸ்கள வரிசையா ஆராய்ஞ்சு ஒரு பேப்பர் போட்டாங்க, ஒரு பக் சரியாகறதுக்கு முன்னாடி கெர்னல்ல சராசரியா 1.8 வருஷம் இருக்குதுன்னு. டிரைவர் கோட்ல தப்பு விகிதம் மத்த இடத்த விட மூணுலேந்து ஏழு மடங்கு வரைக்கும் போகுதுன்னும் அதுல தான் வந்துச்சு. டர்ட்டி கவ் இருந்தது டிரைவர்ல இல்ல, எல்லாரும் கண்ண வச்சு பாக்கற மெமரி மேனேஜ்மென்ட் நடுவுல. அங்க பதினொரு வருஷம்.

2016 அக்டோபர்

ஃபில் ஓஸ்டர்னு ஒருத்தர், தான் பாத்துக்கற சர்வர்களுக்கு உள்ள வர்ற எச்டிடிபி ட்ராஃபிக்க எல்லாம் பதிவு பண்ணி வச்சிருந்தாரு. அதுல ஒரு சர்வர் உடைக்கப்பட்டப்ப, அந்த பதிவுலேந்தே தாக்குன எக்ஸ்ப்ளாய்ட (ஓட்டைய பயன்படுத்தற ப்ரோக்ராம்) பிரிச்சு எடுத்தாரு. அதாவது பக் வெளில தெரியறதுக்கு முன்னாடியே யாரோ பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க.

லினஸ் எழுதுன ஃபிக்ஸ் அக்டோபர் 18 வாக்குல மெயின்லைன்ல (லினஸ் வச்சிருக்கற மூல கெர்னல்) சேர்ந்துச்சு. கமிட் செய்தில அவரே சொல்றாரு, இது பழங்கால பக், பதினொரு வருஷம் முன்னாடி நானே மோசமா சரி பண்ண பாத்தேன், எஸ்390 காரணமா அது திரும்ப எடுக்கப்பட்டுச்சுன்னு, ரெண்டு பழைய கமிட்டோட ஐடியையும் போட்டு. கெர்னலோட மெமரி பகுதி ஒரே நேரத்துல நிறைய வேலைய தாங்கற மாதிரி முன்னேறி, தியரியா இருந்த ரேஸ் இப்ப சுலபமா நடக்குதுன்னும் சொல்றாரு. ஃபிக்ஸ் இது தான்: ஃபோல்_ரைட்ட கழட்டற விளையாட்டே வேண்டாம், ஃபோல்_கவ்னு ஒரு புது கொடி போட்டு "காப்பி எடுத்தாச்சு"ன்னு குறிச்சுக்கோ, அந்த காப்பி இன்னும் இருக்கான்னு டர்ட்டி பிட்ட வச்சு உறுதி பண்ணிக்கோ. 2005 யோசனையே, நல்லபடியா.

அந்த கமிட் செய்தி பக் ட்ராக்கிங்குக்கு ஒரு பாடப்புத்தகம். எங்க ஆரம்பிச்சுது, ஏன் திரும்ப எடுத்தாங்க, ஏன் இப்ப முடியுது, 3.9க்கு கீழ உள்ள கெர்னல்ல எஸ்390க்கு இதே பேட்ச் அப்படியே பொருந்தாது, பேஜோட நிலைய நேரா பாக்கணும்னு வரைக்கும் அதுல இருக்கு.

எந்த ரிலீஸ்ல இருக்கு? மூணு இடத்துல மூணு பதில்

டர்ட்டி கவ்வுக்குன்னு வந்த தளத்துல 2.6.22லேந்து இருக்குன்னு போட்டாங்க, அது 2007. சிவிஇ விவரத்துல 2.எக்ஸ்லேந்து 4.எக்ஸ் வரைக்கும், 4.8.3க்கு முந்தினது எல்லாம்னு. கமிட் வரலாறு சொல்றது 2005 ஆகஸ்ட், 2.6.13. ரெட் ஹேட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 5 ஓடறது 2.6.18 அடிப்படைல, அதாவது முதல் பதில நம்புனா அது தப்பிச்சிருக்கணும், ஆனா ரெட் ஹேட் அதுவும் பாதிக்கப்பட்டதுன்னு சொல்லி 2.6.18-416ன்னு ஒரு பேட்ச் விட்டாங்க.

அடுத்த பக்கம் இன்னும் குழப்பம். "4.8.3க்கு முந்தினது எல்லாம்"னா 4.7.9 ஓட்டையா? இல்ல, 4.8.3, 4.7.9, 4.4.26 மூணும் ஒரே நாள், அக்டோபர் 20, ஒரே ஃபிக்ஸோட வந்துச்சு. சரி, அப்ப 4.4ல 26க்கு கீழ இருந்தா ஓட்டைன்னு சொல்லலாமான்னா அதுவும் முடியாது. உபுண்டு 16.04 மெஷின்ல கெர்னல் வெர்ஷன் கேட்டா 4.4.0-45ன்னு காட்டும், பார்த்தவுடனே 4.4.0, ரொம்ப பழசுன்னு தோணும், ஆனா ஃபிக்ஸ் உள்ள இருக்கு (பேக்கேஜ் 4.4.0-45.66). 14.04ல 3.13.0-100, 12.04ல 3.2.0-113. ரெட் ஹேட் 7ல 3.10.0-327.36.3, 6ல 2.6.32-642.6.2. டெபியன் வீஸில 3.2.82-1. இத்தனையும் சரி பண்ணது, இதுல எந்த நம்பரையும் அப்ஸ்ட்ரீம் (மூல கெர்னல்) நம்பரோட ஒப்பிட்டு பதில் வராது. வெர்ஷன் மட்டும் படிக்கற ஸ்கேனர் ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு சரியான மெஷின ஓட்டைன்னு சொல்லி அட்மின் உயிர வாங்கறது இன்னிக்கும் பல ஆபீஸ்ல நடக்குது, அதே ரிப்போர்ட் உண்மையான ஓட்டைய பச்சைல காட்டறதும் நடக்குது, ரெண்டாவது தான் எனக்கு வயித்த கலக்கறது.

சரி கமிட்ட வச்சு தேடலாம்னு வந்தா அங்கயும் கவனம் வேணும். மெயின்லைன் கமிட் ஐடிய குடுத்து எந்த டேக்ல (ரிலீஸ் குறில) இது இருக்குன்னு கிட்ன்ற, கோட் வரலாற வச்சிருக்கற டூல்ல கேட்டா 4.9-ஆர்சி2லேந்து தான் காட்டும். 4.4.26 அதுல வராது, ஏன்னா ஸ்டேபிள் கிளைல (பழைய ரிலீஸுக்கு ஃபிக்ஸ் மட்டும் சேக்கற கிளை) போட்ட பேக்போர்ட் வேற கமிட், வேற ஐடி. அதுக்காக தான் ஸ்டேபிள் ஆட்கள் ஒரு ஒழுங்கு வச்சிருக்காங்க, பேக்போர்ட் செய்தியோட ஆரம்பத்துலயே இது அப்ஸ்ட்ரீம்ல எந்த கமிட்னு எழுதிடுவாங்க. கமிட் ஐடிய செய்திக்குள்ள தேடுனா எல்லா கிளைலயும் கிடைக்கும். இந்த ஒரு வரி பழக்கம் எத்தனை பேரோட நேரத்த காப்பாத்துதுன்னு சொல்லி முடியாது. டிஸ்ட்ரோ (உபுண்டு, ரெட் ஹேட் மாதிரி) கெர்னல்ல அதுக்கும் மேல சேஞ்ச்லாக்ல சிவிஇ நம்பர் இருக்கான்னு பாக்கணும்.

பின்னாடி போய் ஆரம்பத்த தேடறதுலயும் ஒரு பள்ளம். 2016ல ஃபிக்ஸ் பண்ண ஃபைல் ஜிஅப்.சி. கிட் ப்ளேம் (ஒவ்வொரு வரியும் எந்த கமிட்ல வந்துச்சுன்னு காட்டறது) போட்டா அந்த வரியெல்லாம் 2014ல வந்ததா காட்டும், ஏன்னா 3.16ல தான் அந்த கோட மெமரி.சின்ற ஃபைல்லேந்து பிரிச்சு தனி ஃபைலா வச்சாங்க. அங்கேயே நின்னுட்டா "3.16ல வந்த பக்"னு எழுதி வச்சுடுவோம், 3.2, 2.6.32 எல்லாம் தப்பிச்சுதுன்னு ஆயிடும். விஎம்_ஃபால்ட்_ரைட்ன்ற பேர் முதன்முதலா எந்த கமிட்ல நுழைஞ்சுதுன்னு தேடுனா தான் 2005க்கு போகும். இதுல ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு, லினக்ஸோட கிட் வரலாறே ஆரம்பிக்கறது 2005 ஏப்ரல்ல, 2.6.12-ஆர்சி2லேந்து. இந்த விஷயம் அஞ்சு மாசம் முன்னாடி நடந்திருந்தா மெயின்லைன் கிட்ல தடயமே இருந்திருக்காது.

எக்ஸ்ப்ளாய்ட் ஓட்டி பாத்தா போதாதா

போதாது, இந்த கேஸே அதுக்கு சாட்சி. முதல்ல பரவுன எக்ஸ்ப்ளாய்ட் ப்ராக் வழியா தன் மெமரில எழுதறது. ரெட் ஹேட் 5, 6ல அது வேலை செய்யல, ஏன்னா அந்த வழியா எழுத அனுமதி மெயின்லைன்ல வந்ததே 2.6.39ல தான். உடனே "எங்க 2.6.32 சேஃப்"னு முடிவு கட்டலாம் போல இருக்கும். ஆனா பக் இருக்கற இடம் கெட்_யூசர்_பேஜஸ், அத தொட பிட்ரேஸ்னு இன்னொரு வாசல் இருக்கு, அது வழியா பழைய கெர்னல்லயும் வேலை செஞ்சுது. ஒரு எக்ஸ்ப்ளாய்ட் தோத்துச்சுன்னா அந்த ஒரு வாசல் மூடி இருக்குன்னு மட்டும் தான் அர்த்தம். அதனால ட்ராக்கர்ல "சோதிச்சாச்சு, பாதிப்பில்ல"ன்னு எழுதறப்ப எந்த வழில சோதிச்சோம்னு சேத்து எழுதாட்டி அந்த குறிப்பு ஆபத்தானது.

ஃபிக்ஸுக்கு அப்புறம் வந்தது

2016 ஃபிக்ஸ் சாதாரண பேஜுக்கான செக்க மாத்துச்சு. அதே மாதிரி ஒரு செக் பெரிய பேஜுகளுக்கு, ஹியூஜ்_மெமரி.சின்ற ஃபைல்ல இருக்கு, அத மறந்துட்டாங்க. விளைவு, படிக்க மட்டுமேன்னு இருக்கற பெரிய பேஜ்ல டீபக்கர் எழுத போனா கெர்னல் முடிவில்லாம சுத்த ஆரம்பிச்சுது, அந்த ப்ராசஸ கொல்லலாமே தவிர வேற எதுவும் செய்ய முடியாது. 2017 ஆரம்பத்துல கீனோ ஃபிஷர் அனுப்புன பேட்ச் அதே ஃபோல்_கவ் ஏற்பாட்ட பெரிய பேஜுக்கும் கொண்டு போய் சரி பண்ணுச்சு.

அங்கேந்து அடுத்தது. இப்ப பெரிய பேஜ்லயும் "டர்ட்டி பிட் இருந்தா காப்பி எடுத்தாச்சு"ன்னு நம்பறாங்க. ஆனா அந்த கோட்லயே டச்_பிஎம்டின்னு ஒரு ஃபங்ஷன், காப்பி எடுக்காமலே டர்ட்டி பிட்ட போட்டு விடும், அந்த பழக்கம் ரொம்ப நாளா இருக்கறது, அதுவரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்ல. புது நம்பிக்கையும் பழைய பழக்கமும் சேர்ந்து 2017 நவம்பர்ல பிண்டெசின்ற குழு வெளியிட்ட சிவிஇ-2017-1000405 ஆச்சு, ஹியூஜ் டர்ட்டி கவ். பாதிப்பு முதலாவது அளவு இல்ல, சாதாரண ஃபைல்கள்ல எழுத முடியாது. ஆனா அதோட சிவிஇல ரேஞ்ச் 2.6.38லேந்து 4.14 வரைக்கும்னு இருக்கு. 2.6.38 பெரிய பேஜ் வசதி வந்த ரிலீஸ், அன்னிக்கு இந்த ஓட்டைக்கு வழியே கிடையாது, டர்ட்டி பிட்ட அப்படி நம்ப ஆரம்பிச்சதே 2016 ஃபிக்ஸுக்கு அப்புறம் தான். பழைய கிளைல ஓட்டை இருக்கான்றது அந்த கிளை ஃபிக்ஸோட எந்தெந்த துண்ட வாங்கிச்சுன்றத பொறுத்தது. நேர்மையா பேட்ச் வாங்குனவங்களுக்கு தான் இந்த ரெண்டாவது ஓட்டை வந்துச்சு.

மூணாவது 2022. 5.16ல ஷேர்ட் மெமரி பக்கம் ஒரு மாற்றம், எழுத உரிமை இல்லாத பேஜுக்கும் டர்ட்டி பிட் போடறது. அத பண்ணவங்களுக்கு அந்த பிட்ட மெமரியோட இன்னொரு மூலைல யாரோ பாதுகாப்பு முத்திரையா நம்பிட்டு இருக்காங்கன்னு தோண வாய்ப்பே இல்ல. சிவிஇ-2022-2590. டேவிட் ஹில்டன்பிராண்ட் 6.0ல இத சரி பண்ணப்ப ஃபோல்_கவ் கொடியவே எடுத்துட்டாரு. டர்ட்டி பிட்ட நம்பறதுக்கு பதிலா, இந்த பேஜ் இந்த ப்ராசஸுக்கு மட்டுமே சொந்தமான காப்பியான்னு நேரா கேக்கற செக்க வச்சாரு. 2005ல ஆரம்பிச்ச "இன்னொண்ண வச்சு யூகிக்கறது" அங்க தான் முடிஞ்சுது.

இந்த மூணையும் ட்ராக்கர்ல தனித்தனி பக்கா போட்டு மூடிட்டா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் தெரியாது. என் கருத்துல பக்கோட என்ட்ரில இருக்க வேண்டியது தப்பான வரி மட்டும் இல்ல, அந்த ஃபிக்ஸ் எத நம்பி நிக்குதுன்றதும். "டர்ட்டி பிட் காப்பிக்கு அப்புறம் மட்டும் தான் போடப்படும்னு நம்புது"ன்னு ஒரு வரி, அந்த செக்குக்கு பக்கத்துலயே கமென்ட்டா. அப்ப தான் 5.16 மாற்றத்த ரிவ்யூ பண்றவர் கண்ணுல படும்.

கைல இருக்கற டிவைஸ்

சர்வருக்காவது சேஞ்ச்லாக் உண்டு, ஃபோனுக்கு அது கூட தெளிவா கிடைக்காது. ஆண்ட்ராய்ட்ல கூகுள் 2016 நவம்பர் 6 தேதியிட்ட பேட்ச் லெவல்ல இந்த ஃபிக்ஸ தனியா குடுத்தாங்க, டிசம்பர் 5 லெவல்ல அது கட்டாயம். ஆனா அப்டேட்டே வராத ஃபோன்கள் கோடிக்கணக்கா இருந்துச்சு. 2017 செப்டம்பர்ல ட்ரெண்ட் மைக்ரோ இசட்என்ஐயூன்னு ஒரு மால்வேர் பத்தி சொன்னாங்க, ஆண்ட்ராய்ட்ல டர்ட்டி கவ்வ பயன்படுத்துன முதல் மால்வேர், அதிகம் மாட்டுனது சீனாவும் இந்தியாவும். பேட்ச் வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு.

கெர்னல் ஆட்கள் 2024 பிப்ரவரிலேந்து தாங்களே சிவிஇ நம்பர் குடுக்கறாங்க. ஒவ்வொண்ணுலயும் எந்த கமிட்ல பக் நுழைஞ்சுது, எந்தெந்த ஸ்டேபிள் கிளைல எந்த கமிட்ல போச்சுன்னு இருக்கு. இது பெரிய முன்னேற்றம். டிஸ்ட்ரோ, ரவுட்டர், டிவி பாக்ஸ் கெர்னல் எல்லாம் அதுல அடங்காது, அத நாம தான் பாக்கணும்.

பழைய டிவைஸ் ஒண்ண நீங்க பாக்க வேண்டி வந்தா ஜிபிஎல் லைசென்ஸ்படி கெர்னல் சோர்ஸ கேளுங்க, வாங்கி மெமரி மேனேஜ்மென்ட் ஃபோல்டர்ல ஃபோல்_கவ்ன்ற பேர தேடுங்க. 3.4, 3.10, 3.18 மாதிரி கெர்னல்ல அது ஒரு இடத்துலயும் இல்லன்னா 2016 ஃபிக்ஸ் வரலன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணலாம், இருந்தா ஹியூஜ்_மெமரி.சிலயும் இருக்கா, அங்க டர்ட்டி பிட் போடற இடம் (புது கெர்னல்ல டச்_பிஎம்டி) சரியாயிருக்கான்னு அடுத்து பாக்கணும். 5.15லயும் அந்த பேர் இருக்கணும், அது தான் சரி. 6.0லேந்து இருக்காது, அதுவும் சரி, அங்க கேன்_ஃபாலோ_ரைட்_பிடிஇன்ற ஃபங்ஷன திறந்து புது செக் இருக்கான்னு பாருங்க. இதயெல்லாம் தேடுன தேதியோட, எந்த சோர்ஸ் கட்டுல தேடுனீங்கன்றதோட ட்ராக்கர்ல எழுதி வைங்க, அடுத்து வர்றவர் மறுபடி முதல்லேந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.